நம்ம வீட்டு ஆளுங்க: டொயோட்டா ஆக்சியோ கார் கதவுல கீறல்

சுதன்: (3 படங்கள்)

சுதன்: பாருங்க எல்லாரும். தேயிலைக் கொழுந்து லொறிக்கு எடம் விட்டு ஓரங்கட்டுனேன். செடிய ஒட்டக் கவ்வாத்து வெட்டுன மலை. குச்சி ரெண்டு கதவையும் இழுத்துருச்சு

பெரியக்கா: ஐயோ. அப்பா பாத்தாரா?

சுதன்: அவருக்கு முன்னாடி லயத்து வரிசை வீடு மொத்தமும் பாத்துருச்சு

பெரியக்கா: டூத் பேஸ்ட் போட்டுத் தேய்டா. வெள்ளை பேஸ்ட், ஜெல் இல்ல

ஹட்டன் அத்தை: தேங்கா எண்ணெ தடவுனா தெரியாதுப்பா. எங்க வேனுக்கு அப்பிடித்தான்

பண்டாரவளை மாமா: எண்ணெ அடுத்த மழை வரைக்கும் நிக்கும். அங்க அடுத்த மழை எப்பன்னு ஒங்களுக்கே தெரியும் 😀

பண்டாரவளை மாமா: சுதன், கராஜ்ல கேட்டியா?

சுதன்: கேட்டேன் மாமா. ரெண்டு கதவும் முழுசா அடிக்கணுமாம். இன்சூரன்ஸ்ல போட்டா, கிளைம் போடாததுக்குக் கிடைக்கிற நோ கிளைம் போனஸ் போயிரும்னு அப்பா வேணாங்கிறார்

பண்டாரவளை மாமா: முழுசா எல்லாம் வேணாம். கழுவிட்டு நகத்தைக் குறுக்க ஓட்டிப் பாரு. மாட்டுதா, வழுக்குதா? தண்ணியும் தெளிச்சுப் பாரு. ஈரத்துல மறைஞ்சா அது கலருக்கு மேல இருக்கிற கண்ணாடி மாதிரி பூச்சு, லேக்கர்ல மட்டுந்தான்

சுதன்: பின் கதவுல எல்லாமே வழுக்குது, தண்ணி பட்டா மறையுது. முன் கதவுல ஒண்ணு மட்டும் மாட்டுது மாமா. விரல் நீளம். உள்ள சாம்பல் கலர், நடுவுல தகரம் மினுங்குது

பண்டாரவளை மாமா: சாம்பல்னா பிரைமர், கலருக்கு அடியில அடிக்கிற பூச்சு. தகரந்தான் அவசரம், அந்த ஈரத்துக்குத் துரு ஏறிரும். தொடச்சுக் காயவிட்டு இன்னைக்கே வேக்ஸ் தடவி வை. பெயின்ட் வைக்க முன்ன அதை ஸ்பிரிட்ல சுத்தமா எடுக்கணும். விட்டுட்டா பெயின்ட் ஒட்டாம கண்ணு கண்ணா விலகி நிக்கும்

பண்டாரவளை மாமா: பின் கதவுக்கு ரப்பிங் காம்பவுண்ட், அந்தத் தேச்சு மினுக்குற பேஸ்ட் போதும். போகலேன்னா மட்டும் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைச்சுத் தேய்க்கிற மணல் தாள்), அப்பறம் 3000. தண்ணில ரெண்டு சொட்டு ஷாம்பு விட்டு பேப்பரை ஊறப்போடு. நேரா இழு, வட்டமா சுத்தாத. கதவோட மடிப்பு, ஓரம் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அங்க லேக்கர் மெல்லிசு. மத்த எடத்துலயும் 40, 50 மைக்ரோன்தான். தலைமுடியே அதை விட மொத்தம்

பெரியக்கா: அப்ப என்னோட டூத் பேஸ்ட்?

பண்டாரவளை மாமா: அதுலயும் தேய்க்கிற பொடி இருக்கும்மா, கொஞ்சம் மங்கும். பல்லுக்கே வச்சுக்க

சுதன்: பெயின்ட் நம்பர் எங்க இருக்கும்?

பண்டாரவளை மாமா: பானெட்டுக்குள்ள, இல்லாட்டி டிரைவர் கதவு ஓரத்துல பிளேட். கலர்னு போட்ட எடத்துல மூணு எழுத்து

சுதன்: 1எஃப்7

பண்டாரவளை மாமா: சில்வர் மெட்டாலிக். வெறும் வெள்ளைன்னா லேசு. இதுல அலுமினியத் தூள் போத்தல் அடியில தங்கிரும், கை வலிக்கக் குலுக்கு. மூடியோட வர்ற பிரஷ் தடிப்பு, பல்லுக்குச்சி நுனியால கீறலுக்குள்ள மட்டும் வை. ஒரே தடவைல நெரப்பாத. மெல்லிசா வை, காயவிடு, திரும்ப வை. அப்பறம் லேக்கர். அப்பவும் ஒரு பக்கம் நின்னு பாத்தா கொஞ்சம் கறுப்பாத்தான் தெரியும். நாலடி தள்ளி நின்னா தெரியாது, அது போதும்

சுதன்: ஞாயித்துக்கிழமை வாசல்ல வச்சுச் செஞ்சிர்றேன்

பண்டாரவளை மாமா: கொட்டகலைல? ஜூலைல? வாசல்ல? 😂

பண்டாரவளை மாமா: மிஸ்ட் எறங்குச்சுன்னா லேக்கர் பால் கணக்கா வெளுத்துரும் தம்பி

பெரியக்கா: ஹெயார் டிரையர் இருக்கே

பண்டாரவளை மாமா: கிட்ட வச்சுச் சூடு காட்டுனா மேல மட்டும் காஞ்சு தின்னர் உள்ள மாட்டிக்கும். கொப்புளிக்கும்

பண்டாரவளை மாமா: பின் கதவை அங்கயே பாரு, அதுக்குக் காம்பவுண்ட்தானே. முன் கதவுக்கு இங்க வா. ஒங்க பக்கம் கொட்டுறப்போ இங்க காஞ்ச கச்சான் காத்து, துவைச்ச துணி மத்தியானத்துக்குள்ள காயுது. தூசிதான் தொல்லை, ஷெட் கதவைச் சாத்திக்கலாம். பெயின்டை நானே இங்க கலக்கி வாங்கி வைக்கிறேன்

ஹட்டன் அத்தை: போறதுன்னா சொல்லு சுதன், மாமாவுக்கு லீக்ஸ் குடுத்து விடணும்

சுதன்: சனிக்கிழமை வெள்ளனவே வர்றேன் மாமா

அப்பா: நானும் வாறேன். வண்டிய நான் ஓட்டுறேன்