மனநலப் பாடத்தில் பிபிஎல்: முதல் பக்கத்திலேயே கேஸ் முடிந்துவிடுகிறது

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவில் பாடம் எடுக்கிறேன். இரண்டு வார போஸ்டிங்குக்கு வரும் எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு ஜூன் முதல் பிபிஎல் (ப்ராப்ளம் பேஸ்டு லேர்னிங்: ஒரு நோயாளியின் கேஸை வைத்து மாணவர்களே விவாதித்துக் கற்பது) முறையில் நடத்துகிறோம். குழுவுக்குப் பத்துப் பேர். கேஸைச் சொன்னதுமே நோயின் பெயரைச் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறார்கள்.

கேஸ் இதுதான்: காவேரிப்பட்டணம் பக்கம் மாமரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த 45 வயதுக்காரர். எலும்பு வார்டில் மூன்றாம் நாள் இரவு, போர்வையில் எறும்பு ஊறுகிறது என்று தட்டித் தட்டி விடுகிறார். கை நடுக்கம், வியர்வை, நாடி 120. பாதிப் பேர் உடனே 'ஸ்கிசோஃப்ரினியா' (மனச்சிதைவு). மீதிப் பேர் போனைப் பார்த்து 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' (தொடர்ந்து குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வரும் மனக்குழப்பம்). பின்னது சரியான விடைதான், ஆனால் கடைசியாக எப்போது குடித்தார், இடமும் நாளும் தெரிகிறதா, குளுக்கோஸுக்கு முன்னால் தையமின் (வைட்டமின் பி1) ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேஸைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுத்தேன். போனை வாங்கி வைத்தேன், பேச்சே நின்றுபோனது. (1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிபிஎல்லைத் தொடங்கியவர்களுக்கு இந்தப் போன் தொல்லை இல்லை.) தமிழில் பேசலாம் என்றதும் கொஞ்சம் கலகலப்பு வந்தது, அப்புறம் பழைய கதைதான். நான் வாய் திறந்தால் அது லெக்சர் ஆகிவிடுகிறது.

மனநலக் கேஸ்களை பிபிஎல்லில் நடத்தியவர்களிடம் ஒரே கேள்வி: விடை தெரிந்த பிறகும் விவாதம் தொடர, இரண்டாம் பக்கத்தில் என்ன வைக்கிறீர்கள்?