லண்டன் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கூடை காலியாகிறது

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு புடவைக் கடையின் இணைய விற்பனையைக் கவனிக்கிறேன். தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து தலைவலி: லண்டன் வாடிக்கையாளர்களுக்குப் பக்கம் மெதுவாகத் திறந்தது.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 15, சிங்கப்பூரில். ஆப் சர்வர் இங்கும் லண்டனிலும். படங்களுக்கு சிடிஎன் (வாடிக்கையாளருக்குப் பக்கத்திலிருந்தே படங்களைக் கொடுக்கும் சர்வர்கள்) போட்டாச்சு. லண்டன் சர்வரைப் பெரிதாக்கியும் பலனில்லை. டேட்டாபேஸிடம் கேட்கும் ஒவ்வொரு குவெரியும் கடல் தாண்டி வந்துபோனால் வேறென்ன ஆகும்? சரி என்று அங்கே ஒரு ரீட் ரெப்ளிகா, அதாவது படிக்க மட்டுமான டேட்டாபேஸ் நகல், வைத்தேன். பக்கம் பறக்கிறது. ஆனால் புடவையைக் கூடையில் போட்டு அடுத்த பக்கம் போனால் கூடை காலி, சில விநாடி கழித்து ரெஃப்ரெஷ் செய்தால் இருக்கிறது. எழுதுவது சிங்கப்பூரில், படிப்பது லண்டனில், நகல் பிந்தி வருகிறது. நகலுக்கும் போய்ச் சேர்ந்த பிறகே எழுதியது முடிந்ததாகக் கொள்ளும் சின்க்ரனஸ் ரெப்ளிகேஷனுக்கு மாற்றினால் உள்ளூர் ஆர்டர்களும் லண்டன் பதிலுக்காகக் காத்து நிற்கின்றன. ஜொகூர் அக்கா ஒருவர் போனிலேயே திட்டிவிட்டார்.

கூடையில் சேர்த்தவரின் அடுத்த சில விநாடி குவெரிகளை மட்டும் சிங்கப்பூருக்கே அனுப்புவதா, இல்லை கூடையைத் தனியே லண்டனிலேயே வைப்பதா, எது தாங்கும்?