ஸ்காட்லாந்து காலை ரோல்: உள்ளே என்ன, எந்த சாஸ்?

புதுசு: கிளாஸ்கோவுக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். காலையில் ரோல் (உள்ளே இறைச்சி வைத்துத் தரும் பன் ரொட்டி) கடையில் நின்றால் சதுர சாசேஜா, பேக்கனா (உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு), என்ன சாஸ் என்று படபடவென்று கேட்கிறார்கள், பின்னால் வரிசை வேறு. எதைச் சொல்வது?

கிளாஸ்கோவாசி: கண்ணை மூடிக்கொண்டு சதுர சாசேஜ், கூடவே டாட்டி ஸ்கோன், அதாவது தட்டையான உருளைக்கிழங்கு ரொட்டி. சதுர சாசேஜை லோர்ன் என்றும் சொல்வார்கள். தோல் கிடையாது, அரைத்த இறைச்சியோடு ரஸ்க்கும் மசாலாவும் சேர்த்து அச்சில் அழுத்தித் துண்டு போடுவது, தட்டையாக இருப்பதால் கடிக்கும்போது வெளியே நழுவாது. சாஸ் என்றால் புளிப்பான பிரவுன் சாஸ்தான். கெட்சப் சின்னப் பிள்ளைகளுக்கு.

தீவுக்காரன்: அதெல்லாம் சரி, பிளாக் புட்டிங்கை, அதாவது இரத்த சாசேஜை, விட்டுவிட்டீர்களே! எங்கள் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் செய்வது, 2013-லேயே ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு வாங்கியது. அதன் மேல் பிரவுன் சாஸ் ஊற்றினால் புளிப்பு மட்டும்தான் மிஞ்சும், ஒரு பொரித்த முட்டை போதும், மஞ்சள் கருவே சாஸ்.

கிளாஸ்கோவாசி: முழங்கை வரை வழியுமே ஐயா, ஆபீஸ் சட்டையில் அதைத் தின்ன முடியுமா?

வடக்கத்தி: ரோலைப் பற்றி யாருமே பேசவில்லை. 'வெல் ஃபயர்ட்' என்று கேளுங்கள், மேல்பக்கம் கிட்டத்தட்டக் கரியாக இருக்கும், அந்தக் கசப்பு பேக்கன் உப்போடு அருமையாகச் சேரும். அபர்டீன் பக்கம் வந்தால் ரோலே வேண்டாம், உப்பும் கொழுப்புமாக இருக்கும் ரோவி என்ற தட்டை ரொட்டி வாங்கி வெண்ணெய் தடவுங்கள்.