பேடில் ஸ்டீமருக்குத் தமிழ்ல என்ன? (வியாழனுக்குள்ள வேணும்)

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
வணக்கமுங்க. தமிழ் மீடியம் ஏழாங்கிளாஸுக்கு கப்பல் பத்தி ஒரு தாள் தயார் பண்றேன், வியாழக்கிழமை பிரிண்ட்டுக்குப் போகுது. கிளாஸ்கோவுல கட்டி 1947ல ஓட ஆரம்பிச்ச வேவர்லி, ரெண்டு பக்கமும் பெரிய சக்கரம் சுத்தி ஆள் ஏத்திட்டுப் போகும்ல, அது. 'துடுப்புச்சக்கர நீராவிக்கப்பல்'னு எழுதினேன், பசங்க பாதியிலயே மூச்சு வாங்குறாங்க. சக்கரத்துல தண்ணிய அடிக்கிற பலகைக்கும் ஒரு பேர் வேணும்.

நாகர்கோவில்:
ஆழிக்கலம். ஆழின்னா சக்கரம், ஆழின்னா கடலும். திருப்பாவை நாலாம் பாட்டுல 'ஆழியுள் புக்கு' கடல், 'ஆழிபோல் மின்னி' சக்கரம், ஒரே பாட்டுல ரெண்டும் வருது. நேமிக்கும் இந்த ரெண்டு பொருளும் உண்டு, திகிரியும் சக்கரம்தான், ஆனா கடல்ங்கிற பொருள் அதுக்குக் குடுத்து வைக்கல.

செங்கோட்டை:
அண்ணாச்சி, வங்காளதேசத்துல ராக்கெட்னு சொல்ற சக்கர ஸ்டீமரெல்லாம் ஆத்துலல்லா ஓடுச்சு. ஆழமில்லாத தண்ணிக்கு அந்தச் சக்கரம்தான் தோது, அதுக்குப் போயி கடல்னு பேரா? பேர்ல நீராவியும் வேண்டாம், அந்த ராக்கெட்ல ஒண்ணு, 1929ல கட்டின ஆஸ்ட்ரிச், பிறகு டீசலுக்கு மாறியும் ஸ்டீமராத்தான் இருந்துச்சு. சக்கரக் கப்பல்னு போட்டு முடிங்க.

நாகர்கோவில்:
சக்கரம் வடமொழி.

செங்கோட்டை:
எங்க ஊரு முன்னால திருவிதாங்கூர் சமஸ்தானம், அங்க காசுக்கே சக்கரம்னு பேரு, எங்க ஆச்சிக்கு சக்கரம்னா காசு. பேசினவங்க சொல்லு எல்லாம் தமிழ்தான் அண்ணாச்சி.

ஆலப்புழை:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். துடுப்பு மட்டும் வேண்டாம் டீச்சர், அது போயிட்டுத் திரும்பி வரும், இது சுத்திட்டே இருக்கும். குட்டநாட்டுல வயல் தண்ணிய வெளியேத்த காலால சவிட்டுற மரச்சக்கரம் இருந்துச்சு, அதுல தண்ணிய தள்ளுற பலகைக்குப் பேரே இலை, எத்தனை இலைன்னுதான் சக்கரத்தோட அளவையே சொல்லுவாங்க. இலைன்னே வச்சிடலாமே.

நாகர்கோவில்:
இதுக்கு நான் ரெண்டு கையும் தூக்குறேன். வேலோட தகட்டை சங்கப்பாட்டுலயே இலைன்னுதான் சொல்லியிருக்கு.

செங்கோட்டை:
வேவர்லில அது ஆணியடிச்ச பலகை இல்ல பாத்துக்கிடுங்க. தண்ணில இறங்குறப்போ நட்டுக்குத்தலா நிக்கிற மாதிரி ஒவ்வொண்ணும் தானா திரும்பும், இல்லன்னா சப்பு சப்புன்னு அடிச்சு பலம் வீணாப் போகும். 'திரும்பிலை'ன்னு சொல்லலாமா?

நாகர்கோவில்:
திரும்பு + இலை, வினைத்தொகை, இலக்கணம் சரிதான். ஆனா காதுல 'திரும்பவில்லை'ன்னு விழுதே.

டீச்சர்:
சக்கரக் கப்பல், இலை. அனுப்பிட்டேன். திரும்புறதை ஒரு வரியில விளக்கிட்டேன்.

நாகர்கோவில்:
அடைப்புக்குறிக்குள்ளயாவது ஆழிக்கலம் போட்டிருக்கலாம்.