கவுன்சிலிங் வேண்டாம் என்கிறார், ஆன்லைன் பயிற்சி உதவுமா?

டாலஸ்_அம்மா:
கல்யாணமாகி 9 வருடம், ஒரு பையன். ஒரு வருடமாக எங்களுக்குள் பேச்சு என்றால் பையனின் ஸ்கூல், மளிகை, அவ்வளவுதான், அதைத் தாண்டினால் ஊருக்கு அனுப்பும் பணத்தில் போய் முட்டி இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருக்கிறோம். கவுன்சிலரிடம் போகலாம் என்றால் "நம் வீட்டு விஷயத்தை யாரோ ஒருத்தரிடம் போய்ச் சொல்வதா" என்கிறார். 'அவர் ரிலேஷன்ஷிப்' (OurRelationship, அதாவது 'நம் உறவு') என்று தம்பதிகளுக்கான ஆன்லைன் பயிற்சி ஒன்றைப் பற்றிப் படித்தேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், பிரிய எனக்கு மனமில்லை.

வைகைக்கரை:
நானும் மனைவியும் செய்தோம். மயாமி பல்கலைக்கழகத்தின் பிரயன் டாஸ், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசிஎல்ஏ) ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சேர்ந்து உருவாக்கியது. 300 ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது, காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிடப் பயிற்சி எடுத்தவர்களின் உறவு நன்றாகவே தேறியிருந்தது. மொத்தம் 8 மணி நேரம் போல ஆகும். பெரும்பகுதியை அவரவர் தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டும், ஒவ்வொரு கட்டத்தின் முடிவில்தான் சேர்ந்து பேசுவது, அதனால் எடுத்த எடுப்பில் சண்டை வராது. எல்லாவற்றையும் இழுக்காமல் ஒரு பிரச்சினையை மட்டும் எடுக்கச் சொல்வார்கள். நான் பணம் என்று எழுதினேன், அவளோ "என்னைக் கேட்காமல் முடிவெடுக்கிறார்" என்று எழுதியிருந்தாள். ஆறு வருடமாக வேறு வேறு விஷயத்துக்குச் சண்டை போட்டிருக்கிறோம் என்று அன்றுதான் புரிந்தது.

மழைக்காலம்:
பயிற்சியாளர் போனில் பேசும் வகையையே எடுங்கள். தனியாகச் செய்கிறோம் என்று ஆரம்பிப்பவர்களில் நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், நாங்களும் முதல் தடவை அப்படித்தான் விட்டோம். பேசுவது கொஞ்ச நேரம்தான், உங்கள் கணவர் பயப்படுவதுபோல் குடும்பக் கதை முழுவதையும் யாரும் கிளற மாட்டார்கள்.

தேன்மொழி_அக்கா:
தங்கச்சி, நீ எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். அவர் கை நீட்டுவதோ, நீ பேசவே பயப்படுவதோ உண்டா? இருந்தால் இந்தப் பயிற்சி வேண்டாம். மனதில் இருப்பதைத் திறந்து சொன்ன பிறகு அடி விழுந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் முதலில் 1-800-799-7233க்குத் தனியாக இருக்கும்போது பேசு, அமெரிக்கா முழுவதற்குமான குடும்ப வன்முறை உதவி எண், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள்.

டாலஸ்_அம்மா:
இல்லை அக்கா, அந்த மாதிரி பயம் எதுவும் இல்லை, கேட்டதற்கு நன்றி. வைகைக்கரை எழுதியதை நேற்று ராத்திரி அவரிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, "தனித்தனியாகத்தானே?" என்று கேட்டார். சனிக்கிழமை பையன் நீச்சல் வகுப்புக்குப் போனதும் ஆரம்பிக்கிறோம்.