புதுப்பிப்பு: சீட் பெல்ட் விளக்கு ஒருவழியாக அணைந்தது

பெல்ட்டை மாட்டிய பிறகும் ஓட்டுநர் பக்க எச்சரிக்கை விளக்கு அணையவில்லை, பள்ளத்தில் இறங்கினால் மட்டும் கண் சிமிட்டுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் பக்கிளுக்குள் (பெல்ட்டின் நாக்கைச் செருகும் பூட்டு) இருக்கும் சுவிட்சைத்தான் சந்தேகப்பட்டீர்கள். நானும் புதிய பக்கிள் வாங்கக் கிளம்பிவிட்டேன், நல்லவேளை, வாங்கவில்லை.

முதலில் பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தேன். இருக்கைக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் தொடர்பானது. அதில் மல்டிமீட்டரை (மின் அளவுகளைப் பார்க்கும் கருவி) வைக்கவே கூடாது. பக்கிள் சுவிட்சின் சிறிய கனெக்டரை மட்டும் பிரித்து ஓம் அளவை, அதாவது மின்தடையை, பார்த்தேன். பெல்ட்டின் நாக்கைச் செருகினால் ஓர் அளவு, எடுத்தால் வேறு அளவு. 10 முறையும் பிசகவில்லை. பாவம், சுவிட்ச் மீது வீண்பழி.

பிறகு வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். இருக்கை நகரும் தண்டவாளத்தின் ஓரத்தில் உறை உரசித் தேய்ந்திருந்தது. உள்ளே செம்பு இழைகள் இரண்டே இரண்டு மிச்சம். அறுந்தவை பச்சை பூத்துக் கிடந்தன. கெட்டுப்போன பகுதியை வெட்டி, புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போட்டு, தண்டவாளத்தில் படாதபடி விலக்கிக் கட்டினேன்.

இப்போது மாட்டினால் அணைகிறது, கழற்றினால் எரிகிறது, இருக்கையை எங்கே தள்ளினாலும்.