17 வருஷமா, 16 வருஷமா? நிக்கோலாவ் லிஸ்ட், மறுபடியும்

மூக்குச்சக்கரம்
டெல்டா இழையில் பழைய ஏணி போகிறபோக்கில் ஒன்றை எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்: "17 வருஷம் விமானம் ஓட்டியவனை நேற்று வந்த பையனுக்குக் கீழே தள்ளினார் நிக்கோலாவ். அதனால்தான் யூஎஸ் ஏர்வேஸ் விமானிகள் தங்கள் சங்கத்தையே தூக்கி எறிந்தார்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே பதில் சொன்னால் இழை கெடும், அதனால் இங்கே.

புதிதாக வருகிறவர்களுக்கு: யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைவதாக 2005 மே மாதம் அறிவித்தார்கள். முன்னது 'கிழக்கு', பின்னது 'மேற்கு'. இரண்டு பக்கமும் ஆல்பா என்கிற விமானிகள் சங்கம்தான். சீனியாரிட்டி லிஸ்ட்டை (யார் எந்த விமானத்தில், எந்த இருக்கையில் என்பதை முடிவுசெய்யும் வரிசை) எப்படிக் கோர்ப்பது என்பதில் ஒத்துப்போகாததால் நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவிடம் போனது, 2007 மே மாதம் தீர்ப்பு. மேலே 517 இடம் கிழக்குக்கு மட்டும், ஏனென்றால் மேற்கிடம் அகல உடல் விமானமே (இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானம்) கிடையாது. நடுவில் வேலையில் இருந்தவர்கள் விகிதப்படி. ஃபர்லோவில், அதாவது வேலை இல்லை என்று கம்பெனி தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பியதில், இருந்த கிழக்கு விமானிகள் அடியில்.

அந்த '17 வருஷக்காரர்' ஃபர்லோவில் இருந்தவர். விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவர் இல்லை. 1988-ல் சேர்ந்தார், வீட்டில் உட்கார்ந்த காலத்தைக் கழித்தால் 16 சொச்சம். 17 இல்லை. பதினாறு.

பழைய ஏணி
வந்துவிட்டாரா வக்கீல். 1988-லிருந்து 2005 எத்தனை? எங்கள் ஊர்க் கணக்கில் 17. கம்பெனி வீட்டுக்கு அனுப்பினால் அது விமானியின் தப்பா? சேர்ந்த தேதி என்றால் சேர்ந்த தேதி. அதை நடுவர் வந்து மாற்ற முடியாது.

மூக்குச்சக்கரம்
சேர்ந்த தேதி வேறு, பணிக்காலம் வேறு. நீர் எழுதியது '17 வருஷம் விமானம் ஓட்டியவன்'. ஓட்டியது 16 சொச்சம். உம்ம வரி, உம்ம வாய்.

பழைய ஏணி
சரி, பதினாறு என்றே வைத்துக்கொள்ளும். பதினாறு வருஷக்காரன் சில மாத அனுபவக்காரனுக்குக் கீழே. இப்போது நியாயமாகிவிட்டதா?

மூக்குச்சக்கரம்
ஆகா, ஒரு வருஷம் விட்டுக்கொடுத்தாரே! விகிதம் எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் பேசும்.

முதலில் ஒரு தேதியைக் குறிப்பார்கள், பெரும்பாலும் இணைப்பை அறிவித்த நாளை ஒட்டி. அன்று யார் எந்த விமானத்தில் எந்த இருக்கையில் இருந்தார்கள் என்பதுதான் கணக்கு. அறிவிப்புக்குப் பிறகு அவசர அவசரமாக ஆள் சேர்த்துத் தன் பக்கத்தை ஊதிப் பெருக்க முடியாதபடி அந்தத் தேதி. பிறகு வகை வாரியாகப் பிரிப்பார்கள்: அகல உடல் கேப்டன், குறுகிய உடல் கேப்டன், அதேபோல் ஃபர்ஸ்ட் ஆபீசர் (வலது இருக்கைத் துணை விமானி). ஒரு வகையில் ஒரு பக்கம் 900 பேர், மறுபக்கம் 300 பேர் என்றால் மூன்றுக்கு ஒன்று. மூன்று கிழக்கு, ஒரு மேற்கு, மூன்று கிழக்கு, ஒரு மேற்கு, இப்படியே கீழே வரை.

இப்போது ஃபர்லோக்காரரை இதில் எங்கே செருகுவீர்? அவருக்கு அன்று இருக்கையே இல்லை. ஆயிரம் பேர் லிஸ்ட்டில் கம்பெனி 750 பேரைத்தான் வைத்திருக்கிறது என்றால் 751-ஆம் ஆள் கையில் வேலை இல்லாத எண். மேற்கில் கடைசி ஆளுக்கு வேலை இருந்தது. வேலையைக் கொண்டுவந்தவனை வேலை கொண்டுவராதவனுக்குக் கீழே போடச் சொல்கிறீர்.

அரைத்தூக்கம்
ஒரு சின்னத் திருத்தம். தீர்ப்பு வந்த 2007-ல் அந்த ஃபர்லோக்காரர்களில் பலரை ஏற்கெனவே திரும்பக் கூப்பிட்டாயிற்று. கிழக்கில் வயதானவர்கள் அதிகம், 60-ல் ஓய்வு பெற்றுக்கொண்டே இருந்தார்கள், இடம் காலியானது. மூக்குச்சக்கரம் சொல்லும் 'வேலை இல்லாத எண்' 2005-ன் புகைப்படம், 2007-ன் உண்மை அல்ல. கிழக்கின் வலுவான வாதம் இதுதான். பழைய ஏணிதான் இதைச் சொல்லாமல் 17, 17 என்று ஜெபமாலை உருட்டுகிறார்.

பழைய ஏணி
நான் ஜெபமாலை உருட்டவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன், இவர் விட்டால்தானே. ஓய்வு பெறுவது எங்கள் ஆள், காலியாவது எங்கள் இடம், ஏறுவது அவர்கள் ஆள்.

மூக்குச்சக்கரம்
'எங்கள்' ஆளா? எப்போதிருந்து?

அரைத்தூக்கம், வாதம் நல்ல வாதம்தான். ஆனால் 2007 டிசம்பர் 13-ல் ஓய்வு வயதை 65 ஆக்கி அமெரிக்காவில் சட்டம் வந்தது. தீர்ப்புக்கு ஏழே மாதத்தில். ஐந்து வருஷத்துக்கு எவரும் வயதைக் காட்டி வெளியே போகவில்லை. ஓய்வுகளை எண்ணி லிஸ்ட் கோர்த்திருந்தால் அந்தக் கணக்கு ஏழு மாதத்தில் காற்றில் போயிருக்கும். எதிர்பார்ப்பை வைத்து லிஸ்ட் போடாதே, இருக்கையை வைத்துப் போடு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அரைத்தூக்கம்
நடுவருக்கு ஜோசியம் தெரியாது. நீர் நடந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொல்கிறீர்.

செந்தூரன்77
இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம்ம ஏர் இந்தியாவைப் பாருங்கள். 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸை இணைத்தார்கள். 2011-ல் இந்தியன் பக்கத்து விமானிகள் சங்கமான ஐசிபிஏ ஊதியச் சமநிலை கேட்டு வேலைநிறுத்தம். 2012-ல் ஏர் இந்தியா பக்கத்துச் சங்கம் ஐபிஜி, 'போயிங் 787 பயிற்சியை அவர்களுக்கு ஏன் கொடுக்கிறாய்' என்று 58 நாள் வேலைநிறுத்தம். லிஸ்ட், சம்பளம், பயிற்சி, மூன்றையும் முடிக்காமல் பெயரை மட்டும் இணைத்தால் இதுதான் நடக்கும்.

மூக்குச்சக்கரம்
செந்தூரன், அது அரசு நிறுவனம், நடுவர் தீர்ப்பே இல்லை. இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். போன மாதமும் ஸ்கோப் (எந்தப் பயணங்களைச் சின்னக் கம்பெனிகளுக்குக் கொடுக்கலாம் என்கிற விதி) விவகாரத்தில் இப்படித்தான் குறுக்கே புகுந்தீர்கள்.

செந்தூரன்77
சண்டை விமான வகைக்காக. யூஎஸ் ஏர்வேஸில் ஏ330, ஏர் இந்தியாவில் 787. பெரிய விமானம் வருகிறது, அதில் யார் ஏறுவது. முடிச்சு தானாகவே விழுந்திருக்கிறது, நான் போடவில்லை. ஸ்கோப் விவகாரத்தில் நீங்கள் கடைசி வரை பதில் சொல்லவில்லை என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன்.

அரைத்தூக்கம்
செந்தூரன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. எல்லோரும் லிஸ்ட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள், கூட்டு ஒப்பந்தத்தை, அதாவது இரு பக்கத்துக்கும் ஒரே சம்பளம், ஒரே வேலை விதி என்கிற ஒப்பந்தத்தை, யாரும் தொடவில்லை.

2005-ன் இடைக்கால உடன்பாட்டின்படி ஒரே லிஸ்ட், ஒரே ஒப்பந்தம் இரண்டும் வரும்வரை இரு பக்கமும் தனித்தனியாகத்தான் ஓட்டும். அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ தரும் சான்றிதழ் 2007 செப்டம்பரில் ஒன்றாகிவிட்டது. ரேடியோவில் அழைப்புப் பெயரும் ஒன்று, 'கேக்டஸ்', அதுவும் மேற்கின் பெயர். 2009 ஜனவரியில் ஹட்சனில் இறங்கிய ஏ320-ஐ ஓட்டியவர்கள் கிழக்கு விமானிகள், ரேடியோவில் அவர்கள் 'கேக்டஸ் 1549'. பெயர் ஒன்று, பெயின்ட் ஒன்று, ஒப்பந்தம் இரண்டு. கிழக்கின் தளமான சார்லட்டில் புயல் அடித்து ஆள் போதாமல் போனாலும், மேற்கின் தளமான பீனிக்ஸில் ரிசர்வில் சும்மா இருக்கும் மேற்கு விமானியை அந்த ஏ320-ல் ஏற்ற முடியாது. வேலி.

கம்பெனிக்கு இது தலைவலிதான், ஆனால் மலிவான தலைவலி. கிழக்கு விமானிகள் எல்ஓஏ 93 என்கிற 2004 திவால் கால ஊதியத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். விமான நிறுவனங்களுக்கும் பொருந்தும் ரயில்வே தொழிலாளர் சட்டத்தில் ஒப்பந்தம் காலாவதி ஆகாது, 'திருத்தத்துக்கு உரியது' ஆகும், அவ்வளவுதான். பழைய சம்பளம் அப்படியே ஓடும். மத்தியஸ்த வாரியம் விடுவிக்காமல் வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. அப்புறம் கம்பெனி ஏன் அவசரப்படும்?

பழைய ஏணி
இதைத்தான் நானும் சொல்கிறேன். குற்றவாளி கம்பெனி.

மூக்குச்சக்கரம்
இல்லை, நீர் சொன்னது 17 வருஷம். பேச்சை மாற்றாதீர்.

தீர்ப்பு பிடிக்கவில்லை என்றதும் கிழக்கு என்ன செய்தது? யூசாபா என்று புதுச் சங்கம். 2008 ஏப்ரல் தேர்தலில் ஆல்பாவை வீழ்த்தினார்கள். கிழக்கில் ஆள் அதிகம், தலையை எண்ணினால் ஜெயிப்பு யாருக்கு என்று குழந்தைக்கும் தெரியும். சங்கத்தின் சாசனத்திலேயே 'சேர்ந்த தேதி' என்று எழுதிக்கொண்டார்கள். இரு பக்கமும் ஒத்துக்கொண்டு போன நடுவர், கட்டுப்படுத்தும் தீர்ப்பு. தோற்றதும் ஆட்டத்தையே மாற்றுவது.

விலை யார் கொடுத்தது? கிழக்கே. எல்ஓஏ 93 ஊதியத்தில் 2013 வரை. கூட்டு ஒப்பந்தம் வந்தால் நிக்கோலாவ் லிஸ்ட்டும் கூடவே வருமே என்ற பயத்தில் ஒப்பந்தத்தையே தள்ளிப்போட்டார்கள். அண்ணன் செத்தாலும் பரவாயில்லை, அண்ணி தாலி அறுக்கணும் கதை.

பழைய ஏணி
மானம் என்று ஒன்று உண்டு. சம்பளத்துக்காக இடத்தை விற்கிறவர்களுக்குப் புரியாது. 2010-ல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் யூசாபா பக்கம் தீர்ப்புச் சொன்னதே, அதை ஏன் மறைக்கிறீர்?

மூக்குச்சக்கரம்
பக்கமும் இல்லை, பந்தும் இல்லை. 'வழக்கு இன்னும் பழுக்கவில்லை' என்றார்கள். ஒப்பந்தம் முடியாததால் யாருக்கு எவ்வளவு கேடு என்று இப்போது சொல்ல முடியாது, முடிந்த பிறகு வா என்றார்கள். 2015-ல் அதே ஒன்பதாவது சர்க்யூட், யூசாபா நியாயமாகப் பிரதிநிதித்துவம் செய்யும் கடமையை மீறியது என்று சொன்னது. 2010 ஞாபகம் இருக்கிறவருக்கு 2015 எப்படி மறந்தது?

செந்தூரன்77
இணைப்பில் லிஸ்ட்டை நியாயமாகக் கோர்க்கச் சொல்லும் மெக்காஸ்கில்-பாண்ட் சட்டம் இருக்கிறதே, அதன்படி நிக்கோலாவ் தீர்ப்பு...

மூக்குச்சக்கரம்
அது 2007 டிசம்பர் சட்டம். தீர்ப்பு மே. காலண்டரைப் பாருங்கள். 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிடபிள்யூஏவை வாங்கியபோது அதன் விமானிகளில் பாதிக்கு மேல் லிஸ்ட்டின் அடியில் ஸ்டேப்பிள் அடித்துக் கோர்க்கப்பட்டார்கள். செப்டம்பர் 11-க்குப் பிறகு அவர்கள்தான் கொத்துக் கொத்தாக வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கோபத்தில் வந்த சட்டம். 'நியாயமும் சமனும்' என்ற இரண்டு சொல்லை 1972 அலிகேனி-மோஹாக் விதிகளிலிருந்து எடுத்து வைத்தார்கள்.

செந்தூரன்77
காலண்டர் பார்க்கச் சொல்லும் தொனி வேண்டாம். சட்டம் யூஎஸ் ஏர்வேஸ் அமெரிக்கனோடு சேர்ந்த 2013 இணைப்புக்குப் பொருந்தியது, அதைச் சொல்ல வந்தேன். வரியை முடிக்கவிடுங்கள்.

அரைத்தூக்கம்
டெல்டாவை யாராவது பாருங்களேன், இழை அங்கேதான் ஆரம்பித்தது. 2008-ல் நார்த்வெஸ்ட்டை இணைத்தபோது வரிசையை மாற்றினார்கள். முதலில் கூட்டு ஒப்பந்தம், அதுவும் இணைப்பு முடிவதற்கு முன்பே. அக்டோபர் 29-ல் இணைப்பு, லிஸ்ட் தீர்ப்பு டிசம்பரில். சம்பளம் கையில் வந்தபின் லிஸ்ட் சண்டை. மாதச் சம்பளம் ஏறியவன் எண்ணுக்காக வீதிக்கு வர யோசிப்பான்.

ஒப்பந்தத்திலும் வெறும் மணி ஊதியத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ரிக் விதியை (பறக்காத நேரத்துக்கும் குறைந்தபட்ச ஊதியம்) எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தை விட்டு வெளியே கழியும் ஒவ்வொரு மூன்றரை மணிக்கும் ஒரு மணி ஊதியம் என்று வைப்போம். 56 மணி நேரப் பயணத்தில் பறந்தது 13 மணி என்றாலும் 16 மணிக்குச் சம்பளம் வரும். ஒரு பக்கத்துக்கு ரிக் இருந்து மறுபக்கத்துக்கு இல்லையென்றால், மணி ஊதியம் சமமாக இருந்தும் மாதக் கடைசியில் சமம் இருக்காது. அதோடு பிபிஎஸ். விருப்பத்தைக் கணினியில் போட்டு, லிஸ்ட் எண் வரிசையில் மாத அட்டவணையை அது கட்டித்தரும். பழைய முறையில் தயாராக இருக்கும் மாத அட்டவணை வரிகளில் ஒன்றைப் பிடிப்பார்கள். அந்த வரியில் உள்ள பயணத்தோடு விடுப்போ பயிற்சியோ மோதினால் அந்தப் பயணம் விலகி, கூடுதல் ஓய்வாக விழும். பிபிஎஸ் அதை மென்று தின்றுவிடும். இந்த மாதிரிச் சில்லறையில்தான் கூட்டு ஒப்பந்தம் மாதக்கணக்கில் சிக்கும், லிஸ்ட்டில் மட்டும் இல்லை.

பழைய ஏணி
டெல்டா என்றாலும் நார்த்வெஸ்ட்காரர்கள் கேட்டது என்ன? சேர்ந்த தேதி! அவர்களுக்கும் பைத்தியமா?

மூக்குச்சக்கரம்
கேட்டார்கள். கிடைத்ததா? வகையும் விகிதமும்தான் கிடைத்தது. கேட்கிறவர் யாரென்று பாரும், எப்போதும் வயதான லிஸ்ட் உள்ள பக்கம். இளைய லிஸ்ட் உள்ளவன் விகிதம் கேட்பான். கொள்கை ஒன்றும் இல்லை, எது லாபமோ அது.

பழைய ஏணி
அப்படியானால் மேற்கும் லாபத்துக்குத்தான் கேட்டது. இத்தனை நேரம் நியாயம் நியாயம் என்று முழங்கியது யார்?

மூக்குச்சக்கரம்
மேற்கு கேட்டது நடுவர் கொடுத்ததை. அதுதான் வித்தியாசம். ஏர்ட்ரான் விமானிகளையும் பாரும். 2011-ல் சவுத்வெஸ்ட் கொடுத்த முதல் உடன்பாட்டை அவர்களுடைய சங்கக் குழு உறுப்பினர் வாக்கெடுப்புக்கே விடவில்லை. இரண்டாவதாக வந்தது அதைவிட மோசம், அதை வாங்கிக்கொண்டார்கள். 717 விமானங்கள் டெல்டாவுக்குப் போயின, எத்தனையோ கேப்டன்கள் வலது இருக்கைக்குத் திரும்பினார்கள். பிடிவாதம் பிடிக்கும் முன் கையில் என்ன சீட்டு என்று பார்க்கணும்.

அரைத்தூக்கம்
2009-ல் ஆல்பாவே தன் கொள்கையைத் திருத்தி, தொழில் எதிர்பார்ப்பு, இருக்கை வகை, இவற்றோடு பணிக்காலத்தையும் சேர்த்தது. நிக்கோலாவ் லிஸ்ட் அவ்வளவு சுத்தம் என்றால் அந்தத் திருத்தம் ஏன்?

மூக்குச்சக்கரம்
பணிக்காலம் ஒரு காரணியாக. ஒரே காரணியாக இல்லை. சேர்ந்த தேதியும் இல்லை. பணிக்காலம், அதாவது பழைய ஏணி இன்னும் கூட்டத் தெரியாமல் நிற்கும் அதே 16 சொச்சம்.

பழைய ஏணி
17.

செந்தூரன்77
ஐயா, இரண்டு பேரும் 'சீனியாரிட்டி' என்று எதைச் சொல்கிறீர்கள் என்று ஒரு தடவை எழுதிவிட்டுத் தொடருங்களேன். தேதியா, காலமா, எண்ணா?

மூக்குச்சக்கரம்
ஸ்கோப் இழையில் நீங்கள் 'பிராந்திய ஜெட்' என்றால் என்னவென்று எழுதினீர்களா? இல்லையே. பழைய ஏணி, 1988-லிருந்து ஃபர்லோ கழித்துக் கூட்டிவிட்டு வாரும், காத்திருக்கிறேன்.

பழைய ஏணி
ஃபர்லோவை ஏன் கழிக்கணும் என்று முதலில் நீர் சொல்லும்.